கோழிகளின் உறக்கமும் இரையும்

கோழிகள் பகல் முழுதும் இரை பொறுக்குவதும், பொழுது சாயுமுன் தாமாகவே கொட்டிலை நாடுவதும், இருட்டிய பின் கையால் எடுத்தாலும் அதிகம் எதிர்க்காமல் அடங்கிக் கிடப்பதும் கோழி வளர்க்கும் குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் இவ்வழக்கங்கள் எக்காரணத்தால் உண்டாயின என்பதையும், இவற்றுக்கு மாறாக நடத்தினால் விளையும் நஷ்டத்தையும் அறிந்தவர் சிலரே. மின்சார விளக்கு கிராமந்தோறும் பரவியிருக்கும் இக்காலத்தில், இரவு முழுதும் விளக்கெரித்தால் கோழி அதிகம் தின்னும், அதிகம் தின்றால் அதிகம் முட்டையிடும் என்று எண்ணிச் சிலர் அவ்விதமே செய்து வருகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. இரை எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இருளும் உறக்கமும் என்பதே சாஸ்திர ஆராய்ச்சிகளால் தெளிவாகும் உண்மையாகும்.

நமது மாகாணத்தில் கோழி விருத்தியைப் பற்றிப் பேசுங்கால் சென்னை நந்தனத்தின் பெயரைச் சொல்லாமலிருக்க இயலாது. அங்கு நடைபெற்ற கோழி ஆராய்ச்சியின் பயனாக, ரோட் ஐலண்டு ரெட் என்னும் சீமை இனத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே விருத்தி செய்யப்பட்ட இனம் 'நந்தனம் கோழி 1' என்று அவ்விடத்தின் பெயராலேயே வழங்குகின்றது. நந்தனத்தின் பெயரைத் தாங்கிய வான்கோழியும் காடையும் உண்டு. இனம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் உடம்பில் இயற்கை அமைத்துள்ள காலக் கணக்கை மதியாமல் வளர்ப்பவர்களுக்கு அதன் முழுப் பலனும் கிட்டாது.

உறக்கம் என்பது மிகவும் புராதனமானது. மூளையே இல்லாத கசோப்பியா என்னும் ஒருவகைச் சொறிமீனும் இரவில் உறங்குகின்றது என்று 2017ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவிலுள்ள சாஸ்திரிகள் கண்டறிந்தனர். இரவில் அதை உறங்கவொட்டாமல் தண்ணீரைப் பாய்ச்சித் தொந்தரவு செய்தால், மறுநாள் அது சோர்ந்து கிடந்ததாம். ஆகவே மூளை உண்டாவதற்கு முன்னரே உறக்கம் உண்டாயிற்று என்று கொள்ளலாம்.

உறங்கும் பிராணி இரை தேட இயலாது; இரை தேடும் பிராணி உறங்க இயலாது. ஆதலின் ஒவ்வொரு ஜாதியும் தன் இரைக்குத் தக்கவாறு இரண்டுக்கும் காலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றது. புல்லும் தழையும் சத்துக் குறைந்தவை. அவற்றை வெகுநேரம் மேயவும் அசைபோடவும் வேண்டும். அதனால் மாடு நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரமே ஆழ்ந்து உறங்குகின்றது. மற்றும் பல மணி நேரம் அரைத் தூக்கத்திலேயே அசைபோட்டுக்கொண்டு கழிக்கின்றது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா தேசத்தில் ஆராயப்பட்ட இரண்டு காட்டு யானைகள் நாளொன்றுக்குச் சராசரி 2 மணி நேரமே உறங்கினவென்று 2017ல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. மாமிசம் தின்னும் சிங்கமோ ஒருவேளை வயிறு நிறைந்தால் வெகுநேரம் உறங்கிக் கழிக்கின்றது.

கோழியின் ஏற்பாடு இவ்விரண்டிலும் வேறானது. வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதை செங்காட்டுக் கோழியாகும். நமது நீலகிரி முதலிய மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அம்சமும் அதில் சிறிது கலந்துள்ளது. பல வீட்டுக் கோழிகளின் தோலில் காணும் மஞ்சள் நிறம் அதனிடமிருந்து வந்ததென்று 2008ல் தெரியவந்தது. நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கிய மனிதரின் களத்துமேட்டுத் தானியத்தை நாடியே காட்டுக்கோழி மரத்தைவிட்டு இறங்கி மனிதரை அடுத்தது என்று 2022ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகின்றது. எனினும் அதன் வழக்கம் மாறவில்லை. பகலில் தானியத்தையும் புழு பூச்சிகளையும் பொறுக்குவதும், அந்தியில் தீனிப்பையை நிரப்பிக்கொண்டு உயர்ந்த கிளையில் அடைவதும், அவ்விரையை இரவில் சிறிது சிறிதாக ஜீரணிப்பதுமே அதன் முறை.

பக்ஷிகளின் உறக்கத்தில் ஓர் அதிசயமுண்டு. மூளையின் ஒரு பாதி உறங்க மறு பாதி விழித்திருக்கவும், ஒரு கண் மூட மறு கண் திறந்திருக்கவும் அவற்றால் இயலும். கூட்டத்தின் ஓரத்தில் படுத்த வாத்துக்கள் வெளிப்புறத்துக் கண்ணைத் திறந்துவைத்தே அதிகம் உறங்குகின்றன என்று 1999ல் கண்டனர். கோழிக்கும் இச்சக்தி உண்டு. கீரி, மரநாய், பாம்பு முதலியவற்றின் பயம் உள்ள கொட்டிலில் கோழி முழு உறக்கம் கொள்ளாது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இனி, பொழுது சாய்வதைக் கோழி எவ்வாறு அறிகின்றது? கண்ணால் மட்டுமன்று. கண்ணிழந்த வாத்துக்களும் வெளிச்சத்தை உணர்ந்து இனவிருத்திக்குத் தயாராகின்றன என்று பிரான்ஸ் தேசத்து ழாக் பென்வா என்பவர் 1930களில் நிரூபித்தார். பக்ஷிகளின் மண்டையோடு மெல்லியதாகையால் வெளிச்சம் அதனூடே சென்று மூளையின் அடிப்பாகத்தையே தொடுகின்றது. அன்றியும், மூளையின் மேற்புறத்திலுள்ள பினியல் என்னும் சிறு சுரப்பி ஒரு கடிகாரம் போன்றது. வெளிச்சத்தை உணரும் பொருள் ஒன்று கோழியின் அச்சுரப்பியிலேயே இருப்பது 1994ல் கண்டறியப்பட்டது. இருள் வந்ததும் அது மெலடோனின் என்னும் ரஸத்தைச் சுரக்கின்றது. அதனால் உடம்பு அடங்கி உறக்கம் வருகின்றது. விளக்கெரிந்தால் இச்சுரப்பு குன்றிவிடும்.

பசியும் விழிப்பும் மூளையில் அடுத்தடுத்த இடங்களிலிருந்தே நடத்தப்படுகின்றன. 1998ல் கண்டறியப்பட்ட ஓரெக்சின் என்னும் ரஸம் எலி முதலிய பிராணிகளில் விழிப்பையும் பசியையும் ஒருங்கே தூண்டுகின்றது. ஆனால் கோழிக்குஞ்சுகளுக்கு அதைச் செலுத்திப் பார்த்ததில், விழிப்பு அதிகப்பட்டதேயன்றித் தீனி அதிகப்படவில்லை. கோழியை விழிக்கச் செய்தால் மட்டும் அது அதிகம் தின்றுவிடாது என்பதற்கு இதுவும் ஒரு திருஷ்டாந்தமாகும்.

முட்டையிடும் பெட்டைக்கு மாலை இரை இன்னும் முக்கியமானது. ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகின்றது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செல்கின்றது. முட்டை பெரும்பாலும் காலையில் இடப்படுவதால், ஓடு கெட்டிப்படும் முக்கியமான நேரம் இரவாகின்றது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாலையில் தீனிப்பையில் கிளிஞ்சல் முதலியவை இருந்தால் அச்சத்து இரவெல்லாம் மெல்ல மெல்லக் கிடைக்கும். இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலுள்ளதைக் கரைத்துக் கொடுக்கும். நாளடைவில் ஓடு மெலிந்து முட்டை உடைவதும், கோழியின் கால் பலஹீனப்படுவதும் இதன் விளைவே. சுண்ணாம்பை மாலையில் தானே நாடித் தின்னும் இச்சை கோழிக்கு இயற்கையாகவே உண்டு.

மேற்கண்ட விஷயங்களிலிருந்து கோழி வளர்ப்போர் அனுசரிக்க வேண்டிய முறைகளாவன:

1. சென்னையில் பகல் மார்கழியில் சுமார் 11 மணி 20 நிமிஷமும், ஆனியில் சுமார் 12 மணி 50 நிமிஷமும் உள்ளது. கொட்டிலில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழிகளுக்கு விளக்கும் பகலும் சேர்ந்து 16 மணி நேர வெளிச்சம் போதுமானது. மிச்சமுள்ள 8 மணி நேரமும் இடையறாத இருளாயிருத்தல் வேண்டும். புறக்கடையில் மேயும் சில கோழிகளுக்கு விளக்கே தேவையில்லை.

2. வெளிச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்கு அரைமணி வீதம் கூட்டுக. முட்டையிடத் தொடங்கிய பின் வெளிச்சத்தைக் குறைத்தால் இறகு உதிர்ந்து முட்டை நின்றுபோகும். விளக்கு தினமும் குறித்த நேரத்தில் எரிதல் அவசியம்.

3. வளரும் விடைக்கோழிகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டலாகாது. உடம்பு முதிருமுன் அவை முட்டையிடத் தொடங்கி, சிறு முட்டைகளை இடுவதோடு கருப்பை வெளித்தள்ளி மாளவும் கூடும்.

4. கூடுதல் விளக்கை விடியற்காலையில் எரிப்பது நலம். அந்தி வெளிச்சம் மெல்லக் குறையும்போது கோழி தீனிப்பையை நிரப்பிக்கொண்டு ஒழுங்காக அடையும். விளக்கைத் திடீரென்று அணைத்தால் கலைந்து நெரிசலுறும். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியலின் குளிர்ச்சியில் கோழி நன்றாகத் தின்பது மற்றொரு லாபம்.

5. பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கம்பு, சோளம், நொய் முதலிய தானியத்தோடு, இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைக்கவேண்டும். கிளிஞ்சலை மாவாக்காமல் குருணையாக இடித்தால் அது வயிற்றில் வெகுநேரம் தங்கும்.

6. கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு முதற்சில நாட்கள் தீனியையும் சூட்டையும் அறிந்துகொள்ள வெளிச்சம் வேண்டும். பிறகு இருள் இன்றியமையாதது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ல் செய்த விதிப்படி, 7 நாள் வயதிலிருந்து விற்பனைக்குச் சற்று முன்வரை தினம் 6 மணி நேர இருளும், அதில் 4 மணி நேரமேனும் இடையறாத இருளும் தரப்படல் வேண்டும். ஓயாத வெளிச்சத்தில் வளர்ந்த கோழிகளுக்குக் கண் வீங்குதலும் கால் கோளாறும் அதிகமாகக் காணப்படுகின்றன.

7. கொட்டிலில் ஏறி உட்காரக் கழிகள் அமைத்து, கீரி நுழையாதபடி வலையடித்து அடைக்கவேண்டும். தெரு விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுமாயின் அப்பக்கம் சாக்குத் திரையிடலாம்.

இம்முறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு இல்லை. விளக்கை அணைப்பதால் மின்சாரக் கட்டணமும் மிச்சமாகும். கோழியின் சிறு வரும்படியே பல குடும்பங்களில் பெண்மக்களின் கைச்செலவுக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் உதவுவதாகையால், இவ்விஷயத்தைக் கிராம உத்தியோகஸ்தர்களும் மிராசுதார்களும் தத்தம் கிராமத்தார்க்கு, முக்கியமாகக் கோழியைப் பேணும் பெண்மக்களுக்கு, விளங்க எடுத்துரைப்பார்களாயின் மிகுந்த நன்மை உண்டாகும்.