உங்களுக்குத் தெரியுமா? சின்ன ஆந்தைக்கு ஒரு பொந்து

● ஆந்தை கூடு கட்டாது. சுள்ளி பொறுக்காது, நார் கிழிக்காது, மரத்தைக் குடையவும் அதற்குத் தெரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்து, கிளை முறிந்த இடத்தில் உளுத்து விழுந்த குழி, பழைய சுவரின் ஓட்டை என்று ஏற்கெனவே இருக்கிற இடத்தைத்தான் அது தேடி வரும். நம் ஊர்ப் புள்ளி ஆந்தையும் அப்படித்தான். பொந்து இல்லாத ஊரில் அதற்குக் குஞ்சும் இல்லை.

● புள்ளி ஆந்தைக்கு 1821இல் அறிவியல் பெயர் சூட்டியவர் டச்சு விலங்கியலாளர் தெம்மின்க். அவர் விவரித்த பறவை போனது நம் புதுச்சேரியிலிருந்து. உலகம் முழுக்க இந்த இனத்துக்கு ‘மூல ஊர்’ என்று ஏட்டில் இன்றும் புதுச்சேரிதான் இருக்கிறது.

● நீளம் சுமார் 21 செ.மீ. மைனா அளவுதான். மைனாவுக்கும் பொந்துதான் வேண்டும். ஆகவே ஒரு பொந்து காலியானால் இரண்டுக்கும் போட்டி. பச்சைக்கிளியும் அணிலும் தேனீயும் இந்த வரிசையில் பின்னாலேயே நிற்கின்றன.

● புறநானூற்றின் 364ஆம் பாட்டைப் பாடிய புலவரின் பெயர் கூகைக்கோழியார். முதிய மரத்துப் பொந்திலிருந்து கூகை குரல் கொடுப்பதை அந்தப் பாட்டில் சொன்னதால் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. மரம் முதிர்ந்தால்தான் பொந்து, பொந்து இருந்தால்தான் கூகை என்ற உறவு அவர் கண்ணில் அன்றே பட்டிருக்கிறது.

● இனி ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வருவோம். இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் அகலமாயின. சாலை அகலமானால் முதலில் விழுவது ஓரத்துப் பெருமரம்தான். மிச்சமிருந்தவற்றில் பலவற்றை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்தது. ஏரியும் வயலும் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. வெட்டுக்கிளி, வண்டு, சுண்டெலி எதற்கும் குறைவில்லை. சின்ன ஆந்தைக்குச் சாப்பாடு இருக்கிறது, வீடுதான் இல்லை.

● சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பெரிய ஆலைகளுக்கு நிலத்தில் 33 சதவீதம் பசுமைப் பட்டை என்பது வழக்கமான நிபந்தனை. புங்கனும் நீர்மருதும் வரிசையாக நிற்கின்றன, நல்லதுதான். ஆனால் பத்து வயது மரத்தில் பொந்து இருக்காது. அடிமரம் தடித்து, கிளை ஒடிந்து, பூஞ்சையும் கரையானும் உள்ளே வேலை பார்த்து, ஓர் ஆந்தைக் குடும்பம் புகுமளவு குழி விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பசுமைப் பட்டை ஆந்தைக்கு மேசை மட்டும்தான். பறவை முட்டையிட மரத்தில் மாட்டும் கூட்டுப்பெட்டி வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான். இருக்கிற கிழட்டுப் புளியை வெட்டிவிட்டு நான்கு பெட்டி மாட்டுவதற்காக அல்ல.

● தலை போன பனையை ‘மொட்டைப் பனை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். உள்சோறு உளுத்து வெளி ஓடு உறுதியாக நிற்கும் அந்த மரம்தான் கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் மிகச் சிறந்த வீடு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. காய்க்காத பனைக்கும் அந்த மதிப்பை நாம் கொடுக்க வேண்டும்.

● பெட்டியின் அளவு என்ன? அமெரிக்காவில் ஏறக்குறைய இதே உருவமுள்ள ஸ்க்ரீச் ஆந்தைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் அளவு நமக்கும் பொருந்தும். உள்தரை 20 செ.மீ.க்கு 20 செ.மீ., உயரம் 40 செ.மீ., வாசல் துளையின் விட்டம் 7.5 செ.மீ. துளையைத் தரையிலிருந்து 25 செ.மீ.க்கு மேல் வைக்க வேண்டும். தாழ வைத்தால் குஞ்சு முதிரும் முன்பே வெளியே விழும், காக்கையின் அலகும் உள்ளே எட்டும்.

பலகை 18 மி.மீ. கனமாவது இருக்கட்டும். மெல்லிய பலகை பங்குனி வெயிலில் அடுப்பாகிவிடும். கூரை முன்பக்கம் சரிந்து, துளைக்கு மேல் ஐந்தாறு செ.மீ. நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். தரையில் நான்கு மூலையிலும் சிறு துளை, கூரைக்குக் கீழே பக்கப்பலகையில் காற்றுக்கு இரண்டு துளை. ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ. ஒரு பக்கப்பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துகொண்டால் சுத்தம் செய்யச் சுலபம்.

இரண்டு விஷயத்தில் தச்சரின் கைத்திறனை நாமே தடுக்க வேண்டும். உட்புறத்தை இழைக்கச் சொல்லாதீர்கள். வழவழப்பான பலகையில் குஞ்சால் ஏற முடியாது. வாசலுக்குக் கீழே உட்புறமாகக் குறுக்குக் கீறல்கள் போட்டுவிட்டால் அதுவே அதற்கு ஏணி. இரண்டாவது, வாசலுக்கு வெளியே அழகாக ஒரு குச்சி வைக்கத் தோன்றும். வேண்டாம். ஆந்தைக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி.

● தரையில் ஏழெட்டு செ.மீ. உயரத்துக்கு மரச்சீவல் பரப்ப வேண்டும். வெறும் பலகையில் முட்டை உருண்டுபோகும். மரத்தூள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சீவல்தான் சரி. உட்புறம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. உள்கூரையில் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டால் குளவி கூடு வைப்பது குறையும்.

● சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் பழைய பேலட்டும் பெட்டி மரமும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது பலகையில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்தின் பக்கத்தில் ‘எச்டி’ (HT) என்று இருந்தால் அந்த மரம் பூச்சி சாக 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது. ‘எம்பி’ (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. முதலாவதை எடுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் எச்டி மரமும் வேண்டாம்.

● துளை எந்தத் திசை பார்க்க வேண்டும்? காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே வடகிழக்கு கூடாது. மேற்கு பார்த்தால் பிற்பகல் வெயில் நேராக உள்ளே இறங்கும். தெற்கு அல்லது தென்கிழக்கு பார்த்து, மேலே இலை நிழல் விழும்படி, மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். பழைய ட்யூபை வாராகக் கிழித்துக் கட்டினால் மரம் பருக்கப் பருக்கக் கொடுத்துப் போகும். ஆண்டுக்கொருமுறை தளர்த்திவிட வேண்டும். பூனையும் சாரையும் ஏறாமலிருக்க, தென்னையில் எலிக்காகச் சுற்றுவோமே, அதே தகரப் பட்டைதான் வழி.

● ஆலையின் முன்வாசல் மரம்தான் பார்வைக்கு எடுப்பு. அங்கே மாட்டாதீர்கள். சாலை விளக்கின் கீழ் விட்டிலும் வண்டும் குவியும். அவற்றைப் பிடிக்கத் தாழ இறங்கும் ஆந்தை கன்டெய்னர் லாரியில் அடிபடும். பெட்டி சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, வளாகத்தின் பின்புறம், ஏரிக்கரையையோ வயலையோ பார்த்த பக்கம் இருக்கட்டும்.

● இது எல்லாவற்றையும்விட முக்கியம். ப்ரோமடியோலோன் போன்ற எலி மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையும் தன்மை போய், சில நாள் தள்ளாடித் திரிந்துவிட்டுத்தான் சாகும். தள்ளாடும் எலி ஆந்தைக்குச் சுலபமான இரை. மருந்து எலியின் ஈரலிலிருந்து ஆந்தைக்கும் குஞ்சுக்கும் போகிறது. கேன்டீன், கிடங்கு, பேக்கிங் கூடம் என்று ஆலை முழுக்க மருந்துப் பெட்டி வைத்துவிட்டு மரத்தில் ஆந்தைப் பெட்டி மாட்டுவது, பறவையை விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பதற்குச் சமம். முதலில் பெஸ்ட் கன்ட்ரோல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எலிப்பொறி, கதவடி இடுக்கை அடைத்தல், உணவுக் கழிவை அன்றன்றே அகற்றுதல் ஆகியவற்றுக்கு மாற முடிந்தால் மட்டும் பெட்டி மாட்டுங்கள். முடியாவிட்டால் மாட்ட வேண்டாம், அதுவே ஆந்தைக்குச் செய்யும் உதவி. பசை அட்டையும் அப்படித்தான். அதில் ஒட்டித் துடிக்கும் எலிமேல் பாயும் ஆந்தையும் சிறகோடு ஒட்டிக்கொள்ளும்.

● வேலித் தூணாக நட்ட குழாயின் மேல்வாய் திறந்திருக்கிறதா? பொந்து தேடும் பறவை உள்ளே இறங்கும். வழுக்கும் குழாயில் சிறகை விரிக்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அமெரிக்காவின் நெவாடாவில் சுரங்க எல்லைக்காக நட்ட பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஏராளமான பறவைகள் இப்படிச் செத்துக் கிடந்தது தெரிந்து, அவற்றைப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மூடி போட்டால் தீர்ந்தது. இன்றே செய்யக்கூடிய வேலை.

● பெரிய உறவினரான கூகையைப் பற்றித் தமிழ்நாட்டில் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் படுகையில் கூகை கக்கிய உருண்டைகளைப் பிரித்து, உள்ளிருந்த எலும்பையும் பல்லையும் வைத்து அது தின்றது பெரும்பாலும் வயல் எலிகளையே என்று காட்டினார்கள். டெல்டா வயல்களில் ஆந்தை உட்காரக் குச்சி நடும் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

● இஸ்ரேலின் ஸ்டே எலியாஹு கூட்டுப்பண்ணையில் 1983இல் கூகைப் பெட்டிகள் வைக்கத் தொடங்கினார்கள். வயல் எலிக்கு மருந்து போடுவதைக் குறைப்பதுதான் நோக்கம். 2002இல் ஜோர்டானும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. அரபு நாட்டிலும் ஆந்தை அபசகுனம் என்ற நம்பிக்கை ஆழமானது. எலி குறைந்ததைக் கண்ணால் பார்த்த உழவர்கள் பெட்டியை ஏற்றுக்கொண்டார்கள்.

● எதிர்மாறான கதையும் உண்டு. 1949இல் செஷல்ஸ் தீவுகளுக்கு எலி ஒழிக்கவென்று ஆப்பிரிக்கக் கூகைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை எலியோடு நிற்காமல், அந்தத் தீவுகளின் வெள்ளை ஆலாக்களை வேட்டையாடத் தொடங்கின. பெட்டி வைப்பது நம் வேலை. ஆந்தையைப் பிடித்து வந்து விடுவது நம் வேலை அல்ல. இருக்கிற பறவை தானாக வரட்டும்.

● பஞ்சபட்சி சாஸ்திரத்தின் ஐந்து பறவைகளில் ஆந்தையும் ஒன்று. அதே ஆந்தையைச் சாக்குருவி என்றும் சொல்கிறோம். மூன்றாம் ஷிஃப்ட்டில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கூரைமேல் ‘சிர்ர்ர் சிர்ர்ர்’ என்று கேட்பது இணையோடு பேசும் குரல். யாருடைய சாவையும் அது அறிவிக்கவில்லை. கல்லெடுக்காதீர்கள்.

● வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவின் சுமார் 30 ஆந்தை வகைகளில் 15 வகை கள்ளச்சந்தையில் விற்கப்பட்டன. பெரும்பாலும் மாந்திரீகத்துக்காக, குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பது, விற்பது, முட்டை எடுப்பது எல்லாம் குற்றம். ஆகவே பெட்டியில் ஆந்தை குடிவந்தால் படத்தையும் இடத்தையும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

● புள்ளி ஆந்தை மூன்று, நான்கு வெள்ளை முட்டை இடும். அடைகாப்பு ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு வெளிவர இன்னொரு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். பார்த்துவிட்டுக் கடைக்குட்டிக்கு நோய் என்று பயப்பட வேண்டாம். அந்த மாதங்களில் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

● கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் பாலும் ரொட்டியும் ஊட்டாதீர்கள். காயம் இல்லையென்றால் அதே மரத்தின் கிளையில் வைத்து ஒதுங்குங்கள், தாய் இரவில் வரும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். காயம் இருந்தால் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

● தென்னிந்தியாவில் புள்ளி ஆந்தையின் இனப்பெருக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆகவே புரட்டாசிக்குள் பெட்டியைச் செய்து மழைக்கு முன் மாட்டிவிடுங்கள். ஒழுகுகிறதா என்பதும் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். முதல் ஆண்டு காலியாகவே இருக்கலாம், மைனா குடியேறலாம். கழற்றிவிடாமல் இரண்டு மூன்று பருவம் விட்டுவையுங்கள். ஆவணியில் பழைய சீவலைக் கொட்டிப் புதிது போட்டு, கட்டிய வாரையும் தளர்த்திவிடுவது மட்டும்தான் ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு.