அம்பரப்பர் மலை: அன்றும் இன்றும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பச்சை வயல்தான் நினைவுக்கு வரும். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாய்கிற பகுதிக்கு அது சரி. தேவாரம் தாண்டிப் போடிப் பக்கம் போனால் மண்ணே வேறு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்புறம் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வறண்ட காற்றுதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் கிணற்றையும் மலைமாட்டையும் நம்பிய பிழைப்பு. பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலையடிவாரம் அன்று மேய்ச்சல் நிலம். அரசுக் கணக்கில் புறம்போக்கு.

மாடு மேய்ந்த அந்த இடத்தைத்தான், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நீலகிரி சிங்காராவில் அமைக்க, முதுமலைப் புலிகள் காப்பகத்தைக் காட்டி 2009இல் மத்திய அரசு மறுத்த திட்டம் அது. கோலார் தங்கவயலில் ஏற்கெனவே இருந்த சுரங்கத்தின் ஆழத்தில் 1965இலேயே நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். இங்கே புதிதாகக் குடைய வேண்டும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, முடிவில் 132 மீட்டர் நீளக் குகை, வெளியே கொட்டப் பல லட்சம் டன் பாறை. இத்தனைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டது கட்டுமானப் பணி என்ற வகையில்!

நியூட்ரினோவால் யாருக்கும் கெடுதல் இல்லை. கதிர்வீச்சு பற்றிய பயத்தையே பேசிப் பேசி, வெடியையும் தண்ணீரையும் பற்றிய நியாயமான கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டோம் என்பது என் வருத்தம். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டி, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே ‘சிறப்பு நேர்வு’ என்று மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. இந்த மலை கொட்டக்குடி ஆற்றின் நீர்ப்பிடிப்பு, மதிகெட்டான்–பெரியாறு புலிகளின் வழித்தடம் என்று சொல்லி, திட்டத்தை அனுமதிக்க முடியாதென 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வெறும் புறம்போக்காக இருந்த மலைக்கு அரசுத் தாளிலேயே ஆறும் புலியும் கிடைக்க இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆய்வகத்துக்கென ஒதுக்கிய சுமார் 66 ஏக்கர் மட்டும் கேள்வியாக நிற்கிறது. திட்டம் வேண்டாம் என்று சொன்ன அரசு, அந்த நிலத்தை முறைப்படி ஊருக்கே மேய்ச்சல் நிலமாக எழுதித் தர வேண்டும்.