மருந்துக்கு அட்டை உண்டு, பள்ளிக்கு?

அடையாறு காந்தி நகரில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் காலை ஏழு மணிக்கே ஆள் சேர்ந்துவிடும். கையில் கட்டைப்பை, ஸ்கேன் உறை, சாப்பாட்டுத் தூக்கு. ராத்திரி வண்டியில் வந்து இறங்கிய முகங்கள். அந்தக் கூட்டத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை எப்போதாவது பார்க்கலாம். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பதிலேயே நல்ல துணி அதுதான், அவ்வளவே.

இந்த மருத்துவமனை பிறந்த கதையில் சகோதரியைப் பறிகொடுத்த துக்கம் ஒன்று இருக்கிறது. பலருக்கும் அது தெரியும். இதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது மலக்குடல் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் அந்தத் தங்கை இறந்தார். ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே இரண்டு உதவித்தொகைகள் இருப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியை ஆண்பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர்க்க ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1912-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். பிறகு 1925-ல், அரசு உதவித்தொகையில் பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிக்க லண்டன் போனார். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தபோதுதான் நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் விழுந்தது. ‘புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?’ என்று கேட்ட காலம் அது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது.

ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்கு ஒரு சமஸ்தானம் செலவழித்த பணம் ஐம்பது ஆண்டு கழித்து என்னவாக முளைத்தது என்பதற்கு இதைவிட நேரடியான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். மருந்துச் செலவுக்கு இன்று வழி இருக்கிறது. 2009-ல் தொடங்கி, பெயரும் வடிவமும் மாறி மாறி வந்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை. ஆனால் நோய் வீட்டுக்குள் இன்னொரு வேலையும் செய்கிறது. அம்மா கீமோவுக்குப் போனால் மூத்த பெண் அடுக்களைக்குப் போகிறாள். அப்பா படுத்தால் பையன் பட்டறைக்கோ பேக்கரிக்கோ போகிறான். யாரும் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில்லை. ‘இந்த ஒரு மாசம்’ என்றுதான் ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயரும் மெல்ல அடிபட்டுப் போகிறது.

அரசிடம் திட்டம் இல்லையா? இருக்கிறது, ஆனால் அதன் ஓரங்கள் விநோதமானவை. சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. விபத்து என்றால்தான். இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து, வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு வந்த சாவு அந்தக் கணக்கில் சேராது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டம் இன்னும் கொஞ்சம் கருணையானது. பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரலாம் என்று அதில் எழுதியே இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கிராமமாக இருந்தால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 6,000. ஒரு கொத்தனாரோ சித்தாளோ நல்ல உடம்போடு இருந்த காலத்தில் இதைவிட அதிகம் சம்பாதித்திருப்பார்கள். காப்பீட்டு அட்டைக்கு வருமான உச்சவரம்பு 1,20,000 ரூபாய். ஆக, மருந்து வாங்கும்போது ஏழையாக இருக்கும் அதே குடும்பம் பிள்ளையின் படிப்புக்குக் கேட்கும்போது ஏழையாக இல்லாமல் போய்விடுகிறது.

இந்த இடைவெளியில்தான் மருத்துவமனை அறக்கட்டளைகளின் கல்வி உதவித்தொகை வந்து நிற்க வேண்டும். பெரிய தொகை தேவையில்லை. ஆனால் தாசில்தார் கையெழுத்திட்ட வருமானச் சான்றை வைத்துக்கொண்டு போன வருஷத்துச் சம்பாத்தியத்தைப் பார்க்காமல், வார்டில் படுத்திருக்கும் ஆளைப் பார்த்து முடிவுசெய்யும் சௌகரியம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் உண்டு.

அதே அறக்கட்டளைகள் நர்ஸ்களின் படிப்புக்கும் உதவித்தொகை தர வேண்டும். அதை இதோடு சேர்த்து ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். புற்றுநோய் வார்டில் ஒரு நாள் நின்றால் புரிந்துவிடும். சில கீமோ மருந்துகள் நரம்பை விட்டு ஒரு துளி வெளியே கசிந்தாலும் சதையை வெந்துபோகச் செய்யும். வின்கிறிஸ்டின் என்று ஒரு மருந்து. ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குக் கை நரம்பில் ஏற்றினால் உயிர் காக்கும். தவறிப்போய் முதுகுத் தண்டில் போட்டால் உயிரை எடுக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் இரண்டு முதல் மூன்று ஆண்டு நீள்கிறது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளையின் கையில் நரம்பு தேடுவது டாக்டர் இல்லை, சிஸ்டர்தான்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தனியார் கல்லூரி என்றால் அது பஸ்ஸுக்கும் வெள்ளைச் சீருடைக்கும் காணும், ஹாஸ்டலுக்குக் காணாது. அதற்கு மேலே புற்றுநோய் செவிலியத்தில் தனியாக ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேலையில் இருக்கும் ஒரு நர்ஸ் அதற்குப் போனால் கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடுவார். ஓராண்டுச் சம்பளத்தை எங்கே புரட்டுவது? ஊரில் அவர் பணத்தை எதிர்பார்த்து ஒரு வீடு இருக்கிறது. கட்டணத்தை மட்டும் தரும் உதவித்தொகை இங்கே பாதி உதவிதான். அதற்குப் பதிலாக ஐந்து வருஷம் இங்கேயே வேலை பார் என்று சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும். தருமம் என்று சொல்ல முடியாது.

டாக்டர் வி. சாந்தா 2005-ல் தனக்குக் கிடைத்த மகசேசே விருதுப் பணத்தை அடையாறு மருத்துவமனைக்கே கொடுத்தார். 1955-ல் அங்கே சேர்ந்தவர், 2021-ல் இறக்கும் வரை வளாகத்திலேயே ஓர் அறையில் இருந்தார். அந்த அளவுக்கு யாரிடமும் கேட்க முடியாது. கேட்கக்கூடியது சின்னதாக ஒன்று. கல்வி உதவித்தொகைக்கு அநேகமாகப் பள்ளி திறக்கும் மாதங்களில்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். நோய்க்கு ஜூன், ஜூலை தெரியாது. நவம்பரில் கட்டியைக் கண்டுபிடித்தால் அடுத்த ஜூன் வருவதற்குள் அந்த வீட்டு மூத்த பெண் அடுக்களையில் பழகிவிடுகிறாள். முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்த எந்த ஆஸ்பத்திரியிலும் அட்டையைப் பதிய ஒரு மேசை இருக்கும். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அங்கே எப்படியும் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘எந்த வகுப்பு, எந்தப் பள்ளி’ என்று எழுதிக்கொள்ள இன்னும் இரண்டு கட்டம் போட்டால் போதும்.