கைப்பேசி புதிது, செயலிக்குள் பூட்டு பழையது!

சம்பளம் வங்கியில் விழுந்ததும் கைப்பேசியிலேயே மின்கட்டணம் கட்டுகிறோம், வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறோம். நாம் தட்டும் கடவுச்சொல்லும் கணக்கு எண்ணும் அப்படியே வெளியே போவதில்லை. நடுவில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியாதபடி உருமாற்றப்பட்டே போகின்றன. இதற்குப் பெயர் குறியாக்கம்.

இதைச் செயலி தயாரிப்பவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. நிபுணர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளையே பயன்படுத்துகிறார்கள். 'ஓப்பன் எஸ்எஸ்எல்' அவற்றுள் பெயர் பெற்றது. கைப்பேசியிலேயே இப்படியொரு தொகுப்பு உண்டு. ஆனாலும், எல்லாக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்பதற்காகச் சிலர் தனித் தொகுப்பு ஒன்றைச் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள்.

தோட்டத்து லயன் வீட்டை நினைத்துப் பாருங்கள். நிர்வாகம் போட்ட பூட்டில் கோளாறு என்றால் நிர்வாகமே மாற்றித் தரும். நாமே வாங்கிப் போட்ட பூட்டை நாம்தான் மாற்ற வேண்டும்.

2014 ஏப்ரலில் இது மெய்யானது. ஓப்பன் எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது தெரியவந்தது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்தே இருந்த அந்த ஓட்டை, ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை நினைவகத் தகவலைக் கசியவிடக்கூடியது. ஆண்ட்ராய்டில் 4.1.1 பதிப்புக்குத்தான் பாதிப்பு என்றது கூகிள். ஆனால், கோளாறான தொகுப்பைத் தனக்குள் வைத்திருந்த செயலிக்கு, கைப்பேசி நல்லதாக இருந்தும் பயனில்லை. செயலியைத் தயாரித்தவர் திருத்திய பதிப்பை வெளியிட்டால்தான் ஓட்டை அடைபடும்.

பழைய ஓப்பன் எஸ்எஸ்எல் கொண்ட புதிய செயலிகளையும் புதுப்பிப்புகளையும் 2016 ஜூலை 11 முதல் பிளே ஸ்டோர் ஏற்கவில்லை. ஏற்கெனவே வெளியானவை அந்தத் தடைக்குள் வரவில்லை.

ஆகவே, கைப்பேசியை மட்டும் புதுப்பித்தால் போதாது, செயலிகளையும் புதுப்பிக்க வேண்டும். பிளே ஸ்டோரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் திறந்து வையுங்கள். ஆண்டுக்கணக்கில் புதுப்பிப்பே வராத செயலியை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பைத் தொடவே தொடாதீர்கள். பணம் பறிபோனால் உடனே வங்கியையும் 997 எண்ணையும் அழையுங்கள்.

அடுத்த முறை தோட்டத்து வீட்டுக்குப் போகும்போது, அம்மா அப்பாவின் கைப்பேசியையும் வாங்கி ஒரு பத்து நிமிடம் பாருங்கள். அவர்களின் ஆயுட்காலச் சேமிப்பும் அதற்குள் இருக்கலாம்.