உல்லாசப் படகில் எத்தனை பேர்?

தேக்கடி ஏரியில் 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களில் தமிழ் நாட்டவரும் பலர். 2023 மே 7-ஆம் தேதி கேரளத்துத் தானூரில், மீன்பிடி படகாயிருந்து இரண்டடுக்கு உல்லாசப் படகாக மாற்றப்பட்ட ஒன்று கவிழ்ந்ததில் 22 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் "அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள்" என்ற கூக்குரல் எழுகிறது. நியாயமான கூக்குரலே. ஆனால் அந்த அளவை நிர்ணயித்தவர் யார், எக்கணக்கைக் கொண்டு நிர்ணயித்தார் என்று கேட்போர் அரியர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் லேக் ஜார்ஜ் என்னும் ஏரியுண்டு. 2005 அக்டோபர் 2-ஆம் தேதி அங்கே 'ஈதன் ஆலன்' என்ற படகு 47 பிரயாணிகளுடன் சென்று கவிழ்ந்தது. பெரும்பாலோர் வயோதிகர்கள், 20 பேர் மடிந்தனர். அப்படகுக்குச் சர்க்கார் அளித்திருந்த அனுமதியோ 48 பிரயாணிகளுக்கு! அனுமதித்த தொகைக்கு ஒருவர் குறைவாகவே ஏறியிருந்தும் படகு கவிழ்ந்ததன் மர்மம் என்ன?

விசாரணையில் அது வெளியாயிற்று. ஆளொன்றுக்கு 140 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ, என்பது பழைய கணக்கு. அன்று ஏறியிருந்தோரின் சராசரி நிறை 178 பவுண்டு. போதாக்குறைக்கு, முன்பிருந்த துணிக் கூரையை நீக்கி மரக் கூரை வேய்ந்திருந்தனர். அதன் பின் படகின் நிலைப்பைச் சோதித்தவர் எவருமில்லை. உண்மையில் அப்படகு 14 பேரை ஏற்றவே தகுதியுடையது என்று விசாரணையாளர் கண்டனர். 2011-இல் அந்நாட்டார் ஆளொன்றுக்கு 185 பவுண்டு என்று கணக்கைத் திருத்திக் கொண்டனர். ஜனங்கள் பருத்தது என்றோ. காகிதம் பருத்தது அப்பொழுதுதான்!

பாரம் உயரத்தில் ஏற ஏறப் படகு நிமிரும் சக்தியை இழக்கிறது. கரையில் ஒரு மிருகம் தென்பட்டதும் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால், கீழ்த்தளத்தில் ஏற்படும் அபாயத்தினும் மேல்தளத்தில் அதிகம். சிறு மோட்டார் படகுகளுக்கு அமெரிக்கர் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கின்றனர்: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுப்பது. 18 அடி நீளமும் 6 அடி அகலமுமான படகுக்கு ஏழு பேர். அதுவும் அலையற்ற நீரில், நல்ல வானிலையில். குழந்தையை மடியில் வைத்துக் கொள்வதால் தலைக்கணக்குக் குறைந்து விடாது.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. சட்டம் மட்டும் துறையில் நின்று தலைகளை எண்ணுமா? டிக்கெட்டு வசூலில் சம்பந்தமற்ற ஒரு சிப்பந்தி அங்கே நின்று எண்ண வேண்டும். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனியே எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ என்பதைப் பலகையில் தமிழில் எழுத வேண்டும். கூரையோ தளமோ மாற்றப்பட்டால் பழைய அனுமதி அன்றே ரத்தாக வேண்டும். ஊர்தோறும் பொதுக் காரியங்களில் முன்னிற்கும் அன்பர்கள், தங்கள் ஊர்ப் படகுத் துறைக்குச் சென்று அப்பலகையில் உள்ள எண்ணுக்குக் கணக்குக் காட்டும்படி அதிகாரிகளைக் கேட்பார்களா?