சங்கம் தொடங்குமுன் கிணற்றைப் பார்ப்போம்

தீவகத்தில் கமக்காரர் சங்கம் அமைக்க நாம் கூட்டம் கூட்டினால், முதலிற் கேட்கப்படுவது "பாதர், இறைக்கிற மெசின் எப்ப வரும்?" என்பதுதான். 1990, 1991இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, பல ஆண்டுகள் அகதிகளாய் வாழ்ந்த குடும்பங்கள் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆயினும் மெசினுக்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் அதே கணக்கில் ஏறிவரும். எமது தீவுகளில் நன்னீர்ப் படை மிக மெல்லியது. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இன்று ஒருவர் மெசினை நிறுத்தாமல் ஓடவிட்டால் அயலவரின் கிணறும் உவராகும்.

ஆகவே சங்கத்தின் முதற் திட்டம் நீர்த் திட்டமே. முடிச்சிட்ட கயிற்றை இறக்கி வாரந்தோறும் நீர்மட்டத்தை அளந்து, நீரைச் சுவைத்துப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை பரப்பு வெங்காயம் நடலாம், யார் எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். விற்பனையையும் அப்போதே பேச வேண்டும். நெடுந்தீவுப் பொருள் படகேறிக் குறிகாட்டுவானுக்கு வந்து, பின்னர் தரைவழியே யாழ்ப்பாணம் போகிறது. படகு ஓடாத நாளில் வெங்காயம் பொறுக்கும், கத்தரிக்காய் பொறுக்காது.

கனடாவில் அன்ரிகோனிஷ் என்னும் இடத்தில் 1930களில் மோசஸ் கோடி அடிகளார் இவ்வழியையே காட்டினார். கமக்காரரும் மீனவரும் வீடுகளிற் சிறு குழுக்களாகக் கூடி, வாசித்து, விவாதித்தார்கள். கடன் சங்கம் அதன் பின்பே எழுந்தது. எமது நாட்டிலோ 1971இல் கிராமத்துச் சிறு சங்கங்கள் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களோடு இணைக்கப்பட்டன. முடிவெடுக்கும் இடம் ஊரைவிட்டுத் தூரப் போயிற்று. சங்கமென்றால் சங்கக்கடை என்ற எண்ணமே பலரிடம் எஞ்சியது.

கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் உரத்து வாசியுங்கள். கணக்கு ஒருவர் கையிலேயே இருந்ததால் முடங்கிய சங்கத்தை நாம் கண்டிருக்கிறோம். பெண்களும் இளையோரும் கணக்கெழுதப் பழகட்டும்.

இன்னும் திரும்பிவராதோரின் காணிகளும் உள்ளன. உரியவரின் எழுத்துமூலமான சம்மதம், ஒரு போகத்துக்கேனும் கிடைக்கும்வரை, அந்தக் காணியையும் கிணற்றையும் திட்டத்திற் சேர்க்க வேண்டாம்.