காற்று மறைவில் பிறந்த மோட்டார் சைக்கிள்

வேகமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு முதல் எதிரி காற்று. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், காலின் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும். 1890களில் ஐரோப்பிய, அமெரிக்கப் பந்தயத் தடங்களில் இதற்கென்றே ஆள் அமர்த்தினார்கள். நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து மிதிக்கும் நீண்ட சைக்கிள் முன்னே ஓடும். அதன் காற்று மறைவில் வீரர் பின்தொடர்வார்.

எத்தனை பேர் மிதித்தாலும் மனிதக் காலுக்கு ஓர் எல்லை உண்டு. 1899 ஜூனில், அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்ற சைக்கிள் வீரர் ஒரு ரயிலையே முன்னால் ஓடவிட்டார். தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பாவி, கடைசிப் பெட்டியின் மறைப்புக்குள் மிதித்து, ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார்.

தினமும் ரயிலைக் கொண்டுவர முடியுமா? இரட்டை இருக்கைச் சைக்கிளில் பெட்ரோல் எந்திரத்தைப் பொருத்தினார்கள். பாதிப் பந்தயத்தில் எந்திரம் நின்றுபோவது அன்று சகஜம். ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ரோம் செய்த வண்டிகளோ நம்பி ஓட்டக்கூடியவை. அதைக் கவனித்தவர் ஜார்ஜ் ஹெண்டி. முன்னாள் சைக்கிள் சாம்பியன், பந்தயம் நடத்துபவர். சாமானியரும் ஓட்டக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டார். 1901இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அது மேடேறிக் காட்டியது. அதுதான் ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிள். அதன் வரலாற்றைத் தொழிற்சாலையில் தொடங்குவது தவறு; சைக்கிள் தடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அந்தத் தடங்கள் உயிர்களையும் பறித்தன. 1903 மே 30 அன்று, பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் ஹாரி எல்க்ஸ் என்ற சைக்கிள் வீரர் முன்னணியில் பறந்துகொண்டிருந்தார். டயர் வெடித்து விழுந்தவர் மீது, பின்னால் வந்த போட்டியாளரின் மோட்டார் வண்டி ஏறியது. அவருக்கு வயது 25. தலைக்கவசம் இல்லாத காலம் அது. பார்க்க வந்தவர்களும் தப்பவில்லை: 1909 ஜூலை 18 அன்று பெர்லினில், புதிதாகத் திறந்த தடத்தில் மோட்டார் வண்டி பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து தீப்பிடித்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். வேகத்துக்குக் கைதட்டிய கூட்டத்தைக் காக்க ஒழுங்கான தடுப்புகூட இல்லாமல் பந்தயம் நடத்தியது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ஆபத்தைக் குறைக்க வழிகளும் வந்தன. மோட்டார் வண்டியின் பின்புறம் சுழலும் உருளை ஒன்றைப் பொருத்தினார்கள். சைக்கிள் சக்கரம் அதில் உரசினால் உருளை சுழன்று கொடுக்கும், வீரர் தூக்கியெறியப்பட மாட்டார். அந்த உருளையை நெருங்குவதற்காகவே சைக்கிளின் முன்சக்கரத்தைச் சிறியதாக்கி, முன்கவையைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள். மோட்டார் வண்டியைப் பின்தொடரும் பந்தயத்துக்கான உலகச் சாம்பியன் போட்டி 1994 வரை நடந்தது.